பன்னிரண்டு உப்புக் குவியல்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் தலைதான். நேற்றுக் காலை மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்றபோது அது ஒருமுறை ஆமாம் என்று ஆடியது. இல்லை என்று ஆடியிருந்தால் இந்நேரம் நான் கடல்பச்சைப் பட்டு கட்டித் தலையில் பூ வைத்துக்கொண்டிருப்பேன். உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது பிற்பகல் ஒன்று நாற்பது. நாலு மணிக்குக் கோவிலில் என் சித்தி மகள் ஆரோக்கியசெல்விக்குத் திருமணப் பூசை. ஆறரைக்குக் கடலோர மைதானத்தில் வரவேற்பு. வீட்டில் எல்லோரும் பெண்ணை அலங்கரிக்கிற பார்லருக்குப் போய்விட்டார்கள். நான் தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டேன். (பொய். தலைக்கு ஒரு வலியும் இல்லை.)

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

பூவிழிக்குத் தங்கைமேல் பொறாமை என்பதே கிடையாது. ஆனால்

அடித்துவிட்டேன். பொறாமை கிடையாது என்று தொடங்குகிற கதையை யார் நம்புவார்கள்? அடுத்த முயற்சி:

உப்பளத்து ஓரத்தில் பூவிழி என்றொரு பெண் இருந்தாள். அவள் மனசில் கெட்ட எண்ணம்

இதையும் அடித்தேன். பூவிழி யாரென்று எனக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயை மறைக்க எனக்குக் கொஞ்சம் சோறு தேவைப்பட்டது, அவ்வளவுதான். என் பெயர் ஜெனிதா. வயது முப்பத்தெட்டு. இரண்டு பத்திரிகைகளில் என் கதை வந்திருக்கிறது. பொறாமை எனக்குத்தான்.

2

செல்வியின் கல்யாணத்துக்கு ஒரு தீம் உண்டு. 'உப்பும் கடலும்.' வெள்ளையும் கடல்பச்சையும் தவிர வேறு நிறம் கண்ணில் படக்கூடாது. அவள் அப்பா அருள்பிரகாசம், என் சித்தப்பா, முப்பது வருஷம் அளத்தில் உப்பு வாரியவர். அப்பா வாரின உப்புதான் தன் மேடை என்று செல்வி சொன்னபோது வீடே கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. என் அப்பாவும் அதே அளத்தில்தான் வாரினார். கதை எழுதுகிறவள் நான். இந்த யோசனை எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

(மேலே உள்ள பத்தியில் 'எனக்கு வயிறு எரிந்தது' என்பதை மூன்று முறை மாற்றினேன். 'நெகிழ்ந்தேன்' என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை.)

எனக்கு ரசனை உண்டு என்று சொல்லிச் செல்வி என்னையும் கடை கடையாகக் கூட்டிப்போனாள். புதுச்சேரி நகைக்கடையில் சித்தி சவரியம்மாள் ஒரு தங்க ஆரத்தைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். கழுத்தில் தங்கம் இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது அவர் கவலை. செல்வி அசையவில்லை. மஞ்சள் தீமுக்குள் வராது, சிவப்புக் கல் வரவே வராது. வெள்ளியில் கோத்த முத்து நெக்லஸ், முத்துக் கம்மல், தலைக்கு நுரைபோல் ஒரு சின்னக் கிரீடம்.

"அக்கா, நீ போட்டுக்காட்டு. நான் தள்ளி நின்னு பாக்கறேன்."

போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் ஒரு நிமிஷம் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. உனக்கு எவ்வளவு நல்லா இருக்குதுக்கா என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு கடைப்பெண் பின்னால் வந்து கொக்கியைக் கழற்றி முத்தைப் பெட்டியில் வைத்துச் செல்வியிடம் கொடுத்துவிட்டாள். என் கழுத்து திரும்பவும் என் கழுத்தாகிவிட்டது.

பதினேழு வருஷத்துக்கு முன் நடந்த என் கல்யாணத்துக்குத் தீம் எதுவும் கிடையாது. பங்குக்கோவிலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரம் ஜூன் மாதம்வரை இறங்காமல் இருந்தது. அதுதான் அலங்காரம். அதோடு கலர் காகித ரோஜா. கழுத்திலும் கையிலும் கவரிங். காதில் மட்டும் சிவப்புக்கல் வைத்த தங்கக் கம்மல், என் அப்பா வாங்கித் தந்தது. கல்யாணத்தன்று காலையில் அதில் ஒன்று காணாமல் போனது. வீட்டைப் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. முக்காட்டை இடது காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்துக்கு நடந்தேன். என் கல்யாண ஆல்பத்தில் எனக்கு இடது காது கிடையாது.

3

இனி உப்பு. உப்பைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்.*

* பாத்தியிலிருந்து வாரிய அன்றைக்கு உப்பு பளிச்சென்று இருக்கும், ஆனால் உள்ளே கசப்புத் தண்ணீர் நிற்கும். வரப்பில் குவித்து நாள்கணக்கில் வடியவிட வேண்டும். வடியாத உப்பைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோமோ அங்கே வடியும். கடல்காற்று பட்டால் இன்னும் கசியும். அந்தத் தண்ணீர் எண்ணெய்போல் பிசுபிசுக்கும், லேசில் காயாது. இது அளத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஹாஸ்டலில் வளர்ந்த செல்விக்குத் தெரியாது.

மைதானத்தில் மணமக்கள் நடந்துவரும் வழிக்கு இருபுறமும் ஆறு ஆறாக, வரப்பில் இருக்கிற மாதிரியே, பன்னிரண்டு உப்புக் குவியல்கள் வைக்க வேண்டும். அலங்காரக்காரர் விக்டர் புதுச்சேரிக்காரர். சித்தப்பாவுக்கு முட்டி வலி. அதனால் உப்பைப் பார்த்து எடுக்க என்னை அனுப்பினார்கள்.

வரப்பில் இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று ஓலை மூடிய பழைய உப்பு. நன்றாகக் காய்ந்தது, மேலே கொஞ்சம் தூசி. இன்னொன்று அன்று விடியலில் வாரியது. வெயிலில் கண் கூசியது. விக்டர் புதுசைக் காட்டி, "இதானேம்மா? போட்டோவுல சும்மா அள்ளும்," என்றார்.

என் தலை ஆடியது.

வேண்டுமென்றேவா? இந்த இடத்தில் கதாசிரியை கொஞ்சம் மழுப்பலாம். வெயில், பசி, கவனம் இல்லை என்றெல்லாம் எழுதலாம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு பழமொழியைக் கொண்டுவந்து நிறுத்தலாம். வேண்டாம். தலையை ஆட்டியபோது முத்து நெக்லஸின் கொக்கி கழன்றது என் பிடரியில் ஞாபகம் வந்தது. ஆமாம், வேண்டுமென்றேதான்.

சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார்.

"உப்பு நீ பாத்துதான எடுத்தம்மா?"

"பாத்தேன் சித்தப்பா."

"அப்ப சரி. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

4

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல பொறாமைக் கதை. கெட்டவள் ஒருத்தி, நல்லவள் ஒருத்தி. ஆனால் இன்று காலை பத்து மணிக்குச் செல்வி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கையில் மருதாணி. உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். அதில் சிவப்புக்கல் கம்மல், ஒற்றை.

"உன் கல்யாணத்தன்னைக்கு நான்தான்கா எடுத்தேன். நீ அவ்ளோ அழகா இருந்த. எனக்குப் பொறாமையா இருந்துச்சி."

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் முன்னால் பூக்கூடை தூக்கி நடந்தவள். இத்தனை வருஷமும் திருப்பித்தரத் தைரியம் வரவில்லையாம். ஹாஸ்டல், சென்னை, வாடகை வீடு என்று போன இடமெல்லாம் இதையும் கொண்டுபோயிருக்கிறாள்.

"இன்னொண்ணு உங்கிட்ட இருக்குதா? இன்னைக்கி ரெண்டையும் போட்டுக்கணும். போட்டுட்டு உனக்கே குடுத்துடறேன்."

சிவப்பு தீமுக்கு ஒத்து வராதே என்றேன்.

"தீம் கெடக்குதுக்கா."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட ஒன்றுமில்லை. பீரோவில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். அவள் தன் கம்மலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது இரண்டும் இந்தத் தாளின்மேல் இருக்கின்றன. ஒன்று கறுத்திருக்கிறது, ஒன்று பளபளக்கிறது. கறுத்தது என்னுடையது.

5

முடிவுகள்.

அ. நான் போன் செய்கிறேன். விக்டரின் லாரி மூன்று மணிவரை மைதானத்தில் நிற்கும், அளம் கால்மணி நேரத் தூரம். பழைய உப்பு வந்துவிடும். ஆனால் செல்வி கேட்பாள்: "நேத்தே ஏன்கா சொல்லல?" அதற்குப் பதில்தான் இந்தக் கதை முழுக்க. இதைப் போனில் எப்படிச் சொல்வது?

ஆ. நான் பேசவில்லை. ஆறரைக்கு அவள் வெள்ளைக் கவுனின் வால் அந்தப் பிசுபிசுப்பில் இழுபடும். சென்னையிலிருந்து வந்தவர்கள் செருப்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். அளத்துக்காரன் மகளுக்கு ஈர உப்பு தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். சித்தப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில்

எழுத முடியவில்லை.

இ. அவள் என் கம்மலை எடுத்தாள், நான் அவள் மேடையைக் கெடுத்தேன். சரிக்குச் சரி. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஐந்து நிமிஷம். ஆனால் அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. எனக்கு முப்பத்தெட்டு. அவள் வந்து கதவைச் சாத்திச் சொல்லிவிட்டாள். பொறாமைப்படுவதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேல். இதற்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

6

மணி இரண்டு இருபத்தைந்து. ஒரு போன் பேச ஒரு நிமிஷம் போதும். பேசாமல் இருக்க முக்கால் மணி நேரம் எழுதியிருக்கிறேன்.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடையாளம் மட்டும் சொல்கிறேன். இந்தக் கதை முற்றுப்புள்ளியோடு முடிந்தால் நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. கடைசி வாக்கியம் பாதியில் நின்றால் எழுந்துவிட்டேன். ஆனால் பாதி வாக்கியங்களை முதல் பக்கத்திலிருந்தே விட்டுக்கொண்டு வருகிறவள் நான் என்பதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

போன் இடது கையில் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன்:

செல்வி, நான் ஜெனிதாக்கா. கம்மல் கெடச்சிடுச்சி. அப்புறம், அந்த உப்பை