கசியவில்லை

என் கணவர் ஐஸ் ஃபாக்டரியில் மெஷின்காரர். அடுத்த அறையில் ஐஸ்கட்டிகளைத் தள்ளிவிடுவது அப்போது என் வேலை. எங்கள் சண்டைகளில் பாதி வினைச்சொல்லைப் பற்றியவை. பால் பொங்கிடுச்சு என்பேன் நான். "பாலுக்கு என்ன தெரியும்? பொங்க விட்டுட்டேன்னு சொல்லு" என்பார். சட்டையில் கிரீஸ் பட்டுடுச்சு என்று அவர் வந்து நின்றால் நானும் விடமாட்டேன். "அதுவா நடந்து வந்து பட்டுச்சா?"

மெஷின் அறையிலும் அவருக்கு அதே பழக்கம். ஆயில் கசியுது என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. நட்டை முறுக்காமல் விட்டது யார் என்று நிறுத்திவைத்துக் கேட்பார். வாத்தியார் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த மனிதரின் பெயருக்கு மேலேதான் 'வாயு கசிந்ததில் உயிரிழந்தோர்' என்று நினைவுக்கல்லில் வெட்டியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். அன்று கடும் வெயில். மெஷினில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நடுக்கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சார், மெஷினை நிறுத்திடுறேன்."

"நிறுத்தினா இருக்கிற கட்டியெல்லாம் கரைஞ்சு போகும்யா. வால்வைத் திறந்து விடு" என்றார் மேனேஜர், படிக்கட்டில் நின்றபடியே.

"அம்மோனியா சார். ரூமுக்குள்ளதான் வரும்."

"சொன்னதைச் செய்."

மேனேஜர் மாடியில் இருந்த தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் என்னைப் பார்த்து, "நீ வெளிய போ" என்றார். நான் முற்றத்தைத் தாண்டுவதற்குள் அந்த நெடி பின்னால் வந்து என் தொண்டையைப் பிடித்தது. என் குரல் அன்று போனதுதான். இப்போது பேசினால் தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். இவரும் கூட இருந்த இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

கல்லை கேட்டுக்குப் பக்கத்தில் நட்டு, திறப்பு விழாவுக்கு முன் குடும்பத்தார் ஒருமுறை பார்க்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கூட என் கொழுந்தனார் நின்றார். அதே கேட்டில்தான் அவர் வாட்ச்மேன்.

"வாயு கசியலை சார்" என்றேன் மேனேஜரிடம். "திறந்து விடச் சொன்னீங்க."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "ஒரு வார்த்தைதானேம்மா. படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சா போதாதா?"

"புரியக் கூடாதுன்னுதானே இந்த வார்த்தை?"

சுவரில் ஈரம் கசியும். காயத்தில் நீர் கசியும். கசிவதற்கு ஆள் வேண்டாம். தானாகவே நடக்கும், யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் அந்தச் சொல் அவர்களுக்கு இனித்தது.

கொழுந்தனார் என்னை ஓரமாக இழுத்தார். "அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க. திறந்ததுன்னு போட்டா, யார் கை திறந்துச்சுன்னு கேப்பாங்க. அண்ணன் தலையிலதான் வந்து விடியும்."

"விடியட்டும் தம்பி. கை உங்க அண்ணனோடது. வாய் யாரோடது? 'திறக்கச் சொன்னதில்'னு வெட்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் முடியாது" என்றார் மேனேஜர். "முதலாளி சொன்ன வாசகம் இது."

"அப்ப எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க."

கல்லுக்குப் பக்கத்தில் உளியோடு உட்கார்ந்திருந்த கல்தச்சர் நிமிர்ந்து பார்த்தார். "பெயின்ட்ல எழுதினதா இருந்தா அழிச்சிடலாம். வெட்டினதை எப்படிம்மா எடுக்கிறது? கொத்தித்தான் எடுக்கணும். பள்ளம் விழுந்து அசிங்கமா இருக்கும்."

"விழட்டும்."

"நல்லா யோசிச்சுக்கோம்மா. அப்புறம் உன் புருஷன் பேர் எங்கயும் இருக்காது" என்றார் மேனேஜர்.

"இந்த வார்த்தைக்குக் கீழ இருக்க வேண்டாம்."

சனியன் விட்டது என்று நினைத்திருப்பார் போலும். "கொத்திடு" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். உளி விழ ஆரம்பித்தது. முதல் எழுத்து தூளாகிப் போனபோது, நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி எழுத்துவரை நின்றேன். கொழுந்தனார் அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தால் யார்தான் கேட்காமல் போவார்கள்? லோடு ஏற்ற வருகிறவர்கள் எல்லோரும் வாட்ச்மேனிடம்தான் கேட்டார்கள். "தெரியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் இப்போது அதே தெருவில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறேன். ஒருநாள் வேலைக்குப் போகும்போது ஒரு லாரி டிரைவர் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நடுவுல யாரையோ காணோம்?"

கொழுந்தனார் என்னைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றி உட்புறத்தைத் துடைத்தார்.

"எங்க அண்ணன்" என்றார். "கேஸ் கசிஞ்சதுன்னு வெட்டினாங்க. கசியலைப்பா, திறந்து விடச் சொன்னாங்க. அதான் எங்க அண்ணி, அண்ணன் பேரைக் கொத்தி எடுக்கச் சொல்லிட்டாங்க."

"யார் திறக்கச் சொன்னது?"

கொழுந்தனார் கேட்டை அகலத் திறந்து வைத்தார். பிறகு, தெருவுக்கே தெரியும்படி, மாடி ஜன்னலைக் கையை நீட்டிக் காட்டினார்.