திரும்பப் பெற்ற வார்த்தை

நாடாளுமன்றத்துப் பார்வையாளர் மாடத்தில் இருக்கிற கெடுபிடி ஆபரேஷன் தியேட்டரில்கூடக் கிடையாது என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டாள். செல்போனையும் கைப்பையையும் வாசலிலேயே வாங்கிக்கொண்டு எண் போட்ட ஒரு பித்தளை வில்லையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது.

"தூங்கலாமா?" என்று கேட்டாள்.

"தூங்கவும் கூடாதும்மா," என்றார் மாடத்துக் காவலர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"மூச்சு விடலாம்ல?"

"சத்தமில்லாம விடுங்க."

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கீழே எதிர்க்கட்சி வரிசையில், நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன். அரசியலுக்கு வருமுன் ஒரு நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். ஊரும் உலகமும் இன்னும் அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகின்றன. காலையிலும் மாலையிலும் கையில் சிவப்புக் கொடியோடு நடுரோட்டில் நின்று லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளை அந்தப்பக்கம் கடக்கவைத்தவர் அவர். காய்ச்சலில் அவர் படுத்த ஒரு நாள், ஒரு சிறுமியின் கால் லாரிச் சக்கரத்தில் போயிற்று. அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டதே நர்ஸம்மாதான்.

அதற்காகத்தான் அந்த மசோதா. நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றின் வாசலிலும் நடைபாலம் கட்டியே ஆக வேண்டும். தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு நேரம் கிடைப்பதே குலுக்கலில்தான். அது வருடக்கணக்கில் இழுபட்டு, சபையின் கடைசிக் கூட்டத்தின் கடைசி நாளில் வந்து நின்றது. இன்றைக்குள் நிறைவேறாவிட்டால் சபையோடு சேர்ந்து மசோதாவும் காலி. ஆளுங்கட்சிக் கொறடாகூட "அவங்கவங்க மனசாட்சிப்படி போடுங்க" என்று சொல்லிவிட்டதால் ஓட்டைப் பற்றிப் பயமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மசோதாவைக் கொண்டுவந்த ஆள் சபையில் இருந்து, எழுந்து, "இதை நிறைவேற்றித் தாருங்கள்" என்று தன் வாயால் கேட்க வேண்டும். அவருக்குப் பதிலாக வேறு யாரும் கேட்க முடியாது.

நர்ஸம்மாவின் பயமெல்லாம் அந்த வாயைப் பற்றித்தான்.

மனுஷனுக்கு மூக்கு மேல் கோபம். சபையில் எழுந்தால் எதிராளியை நேராகப் பார்த்து விரலை நீட்டிவிடுவார். "சபாநாயகரைப் பார்த்துப் பேசுங்கள்" என்று எத்தனை முறை கண்டித்தாலும் கேட்கிற ஜென்மமா அது? ஆனால் வீட்டில் அதே மனுஷன் சபை விதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு எரிச்சல்.

காரணம் அவளுடைய அண்ணன். அவரும் ஓர் உறுப்பினர்தான், தொழிலில் வக்கீல். எம்.பி.க்கள் குடியிருப்பில் இவர்களுக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால், "செத்தாலும் நம்ம கட்சியிலதான் மாப்ளே" என்று இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே சத்தியம் பண்ணியவர், அதே வாரம் ஆளுங்கட்சிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அதே மேஜையில் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று, "நீங்க ஒரு பொய்யர்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். வக்கீல் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனார்.

அடுத்த நாளே திரும்பியும் வந்தார். கோபம் வேறு, தங்கச்சி கைச் சாப்பாடு வேறு அல்லவா? ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் அவள் வழியாகத்தான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, உப்பு அவர் பக்கத்துலதான் இருக்கு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, கேட்டா தள்ளி வைக்க மாட்டேனா?"

"கேக்கறதுக்கு நான் தயாரா இல்லன்னு சொல்லு."

உப்பை எடுத்து நடுவில் வைத்துவைத்தே அவளுக்கு மூன்று வருஷம் போய்விட்டது. ஒருநாள் ஹெட்மாஸ்டர் வாய்தவறி அவளைப் பார்த்து, "சபாநாயகர் அவர்களே, ரசீது எங்க வெச்சேன்?" என்று கேட்டார். குடியிருப்பே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அன்று இரவு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் அவளுக்கு உயிர். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

கீழே சபாநாயகர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட அம்மாள். முன்பு குழந்தை வைத்தியராக இருந்தவர். வீறிட்டுக் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பொறுமை அவர் முகத்தில் இருந்தது.

விவாதம் நன்றாகத்தான் போயிற்று. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நல்ல வார்த்தையே பேசினார்கள். கடைசியில் சாலைத் துறை அமைச்சர் எழுந்தார். மசோதாவை எதிர்க்கப் போவதில்லை என்று ஆரம்பித்தவர், அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். விதி யாரை விட்டது?

"ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன், சபாநாயகர் அவர்களே. இத்தனை ஆண்டுகளில் எந்தப் பள்ளியிலிருந்தும் எங்கள் துறைக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. மாண்புமிகு உறுப்பினரின் பள்ளியிலிருந்தும் வந்ததில்லை."

நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹெட்மாஸ்டர் எழுதிய புகார்களை உறையில் போட்டு ஒட்டியவளே அவள்தானே! மேலிருந்து பார்க்கப் புருஷனின் காதுமடல்கள் மட்டும் தெரிந்தன. அவை சிவந்துகொண்டு வந்தன. 'வேண்டாங்க, வேண்டாங்க' என்று உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

ஹெட்மாஸ்டர் எழுந்தார். விரல் நீண்டது. "பொய்! பச்சைப் பொய்! பொய்யர் நீங்கள்!"

சபை கொந்தளித்தது. ஆளுங்கட்சி வரிசையில் பாதிப்பேர் எழுந்து கத்தினார்கள். சபாநாயகர் எழுந்து நின்றார். அவர் நின்றால் மற்ற எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. மழை விட்ட மாதிரி சத்தம் அடங்கிற்று.

"மாண்புமிகு உறுப்பினர் பயன்படுத்திய சொல் இந்த அவையில் அனுமதிக்கப்பட்டதல்ல. அதைத் திரும்பப் பெற வேண்டும்."

"உண்மையைத்தான் சொன்னேன், சபாநாயகர் அவர்களே."

"உண்மையா இல்லையா என்று நான் கேட்கவில்லை. சொல்லைத் திரும்பப் பெறுங்கள்."

"முடியாது. பொய்யைப் பொய் என்று சொல்லாமல் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்தினேன் நான்?"

நர்ஸம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடித்துக்கொள்ளலாமா என்பதைக் காவலரிடம் அவள் கேட்டு வைத்திருக்கவில்லை. அட பாவி மனுஷா, உன் ரோஷத்துக்கு இதுதானா நேரம்? மூன்றாவது முறையும் மறுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே போனால் மசோதாவைக் கேட்க ஆள் இல்லை. அந்தச் சிறுமியின் கால் அவள் கண்முன் வந்து நின்றது. அவைக் காவலர்கள் கதவருகே ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

"மூன்றாவதும் கடைசியுமாகக் கேட்கிறேன்..." என்று சபாநாயகர் தொடங்கியபோது, "ஒழுங்குப் பிரச்சினை, சபாநாயகர் அவர்களே!" என்று ஒரு குரல் வந்தது.

அமைச்சருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கை. எழுந்து நின்றவர் அவளுடைய அண்ணன்.

நர்ஸம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இவர் வேறு எண்ணெய் ஊற்றப் போகிறாரா? ஆளுங்கட்சிக்காரர்கள் ஆவலோடு மேஜையைத் தட்டினார்கள். ஒழுங்குப் பிரச்சினை என்று ஒருவர் எழுந்துவிட்டால் அதைக் கேட்டு முடிக்கிறவரை வேறு எதுவும் நடக்க முடியாது. சபாநாயகர் தலையசைத்தார்.

"ஒரு சொல்லைத் திரும்பப் பெறச் சொல்வதற்கு முன், அது யாரைக் குறித்தது என்று அவை தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றார் வக்கீல், கோர்ட்டில் பேசுகிற நிதானத்தோடு. "உறுப்பினரின் விரல் நீண்ட திசையில் அமைச்சர் இருக்கிறார். அவருக்கு நேர் பின்னால் நானும் இருக்கிறேன். அந்த உறுப்பினர் என்னை அதே சொல்லால் அழைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல் எனக்கே உரியது. அதில் வேறு யாரும் பங்கு கேட்பதை நான் ஆட்சேபிக்கிறேன்."

சபை சிரித்தது. ஆளுங்கட்சிக் கொறடா மட்டும் திரும்பி வக்கீலை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுக்கிறவர் அவர். வக்கீல் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "இது குறித்து அமைச்சர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

அமைச்சர் பாதி எழுந்தார். "இல்லை, அந்தப் பொய்யர் நான்தான்" என்று சபைக் குறிப்பில் ஏறும்படி எந்த மனுஷன் சொல்வான்? அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால், மாண்புமிகு உறுப்பினர் சொல்லட்டும். எதிரே நிற்கும் உறுப்பினரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னீர்களா?"

நர்ஸம்மா கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் பொய் சொல்ல மாட்டார். தலையே போனாலும் சொல்ல மாட்டார். அந்த நேர்மையை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் சபித்தாள்.

ஹெட்மாஸ்டர் எதிரே நிற்கிற மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. நீட்டிய விரல் மடங்கிற்று. பிறகு, அதிசயத்திலும் அதிசயம், தானாகவே சபாநாயகர் பக்கம் திரும்பினார்.

"சபாநாயகர் அவர்களே, அந்த உறுப்பினரைப் பார்த்து அந்தச் சொல்லை நான் சொன்னது உண்மை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொன்னபோது அவர் சாப்... அவர் மனம் எப்படிப் புண்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது. அதை முழு மனதோடு திரும்பப் பெறுகிறேன்."

"நன்றி," என்றார் சபாநாயகர். "அந்தச் சொல் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. உறுப்பினர் தம் மசோதாவை முன்வைக்கலாம்."

வக்கீல் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஹெட்மாஸ்டர் கேட்டார். சபாநாயகர், "ஆதரிப்போர் 'ஆம்' என்க" என்றார். 'ஆம்' என்ற சத்தத்தில் விளக்குகள் அதிர்ந்தன. "எதிர்ப்போர்?" என்றபோது யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். மசோதா நிறைவேறியது.

நர்ஸம்மா எழுந்து நின்று கைதட்டினாள். அப்பாடா, அப்பாடா என்று சொல்லிச் சொல்லித் தட்டினாள். மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்குகிறபோது விதியாவது மண்ணாவது!

காவலர் முழங்கையைத் தொட்டார். "அம்மா, வெளிய வாங்க. அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க சாமி, சொன்னீங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடப் போனாள்.

"இந்தக் கூட்டம் முடியறவரைக்கும் நீங்க மாடத்துக்கு வரக் கூடாது."

"இன்னிக்கோட முடியுதுல்ல?"

காவலர் யோசித்தார். "ஆமா, முடியுது."

"அப்ப பரவால்ல."

கீழ்த் தாழ்வாரத்தில், பைகளைத் திருப்பித் தருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தாள். சபை கலைந்தது. இடப்பக்கக் கதவு வழியாகப் புருஷன் வந்தார், வலப்பக்கக் கதவு வழியாக அண்ணன் வந்தார். அவளுக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவராக நின்றார்கள். இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்தார்கள்.

வக்கீல்தான் ஆரம்பித்தார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, பேச்சு நல்லா இருந்துச்சுன்னு."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு..." என்று ஹெட்மாஸ்டரும் தொடங்கினார்.

"என்னால முடியாது," என்றாள் நர்ஸம்மா. "கைதட்டுனதுக்கு என்னை வெளியேத்திட்டாங்க. வெளியேத்தின ஆளுக்குப் பேச உரிமை கிடையாது. உங்க விதிதானே அது?"

கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் பிடிவாதம் இரண்டு பேருக்கும் தெரியும். பை தருகிறவர்கூட வேலையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்.

ஹெட்மாஸ்டர் செருப்பு நுனியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ளே."

"அங்க நான் அமைச்சரைத்தான் சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? சபைக்கே தெரியும். சபாநாயகரம்மாவுக்கும் தெரியும்." வக்கீல் கொஞ்சம் தயங்கினார். "அப்ப, வாபஸ் வாங்குனது?"

"அது உங்களுக்குத்தான் மச்சான்."

வக்கீல் ஓர் அடி முன்னால் வந்து மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா அழுதாள், வாய்விட்டே அழுதாள். தாழ்வாரத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.