கண்ணை மூடினால் குடித்தனம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கஞ்சா அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி, காலையும் மாலையும் தவறாது. அந்த மயக்கத்தில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டார். யாரோ விழப் பார்த்தார்கள். அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"பாப்பாவை இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் அனுப்பவா? இல்ல, ஒரு மாசம் அதைத் தொடாம இருக்கீங்களா? இருந்தா, ரெண்டு பேரும் மொத்தமா வந்துடறோம்" என்று அவரிடம் போனில் சொன்னேன்.

சாயங்காலத்தைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். துணியை ஊறவிடாமலே பிழிகிற மனுஷன். ஆனால் மாசத்தைக் கேட்டார். அவர் போன போதை மீட்பு ஆலோசனை மையத்து அம்மா சொல்லிக்கொடுத்தாராம்: ஆசை வந்தால் கண்ணை மூடி, நாங்கள் திரும்பி வரும் நாளைக் கண்ணெதிரே நடப்பதுபோல் நினைக்க வேண்டும். அவசர புத்திக்கு அதுதான் மருந்தாம்.

பிடித்துக்கொண்டார். தினமும் போனில் நேர்முக வர்ணனை. நான் செருப்பைக் கழற்றுகிறேன், பாப்பா சோபாவில் குதிக்கிறாள், ஒழுகும் குழாய்க்காக நான் திட்டுகிறேன்.

"குழாயைச் சரிபண்ணிட்டீங்களா?"

"நீ திட்டினதுமே பண்ணிட்டேனே."

சிரித்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். மாசக்கணக்கு பேசிய எனக்கே பொறுக்கவில்லை. ஒரு வாரம் மிச்சமிருக்கும்போதே, அவரிடம் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்பாவைப் பயமுறுத்த வேண்டுமென்று பாப்பா மாடிப்படித் திருப்பத்தில் ஒளிந்துகொண்டாள். நான் மட்டும் மேலே போனேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. வாசனையே வெளியே வந்து வரவேற்றது. சோபாவில் சாய்ந்து, அரைக்கண் மூடி, விரலிடுக்கில் புகையோடு இருந்தார். அப்படியொரு நிம்மதி அந்த முகத்தில்.

"ஒரு வாரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?"

என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டியா, உட்காரு. இன்னைக்குப் பையெல்லாம் கொண்டு வந்திருக்கே. நேத்து வெறுங்கையோட வந்தே."

"நான் நேத்து வரலைங்க."

"தினமும்தான் வர்றியே. நீங்க வந்த சந்தோஷத்துலதான் ஒண்ணு பத்த வெச்சேன்."

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் யாருமில்லாத சோபாவைத் தட்டி, "குதிக்காதடா பாப்பா, விழுந்துடுவே" என்றார். அவ்வளவு அக்கறையாக அவர் மகளிடம் பேசி நான் கேட்டதே இல்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் பையோடு இறங்கினேன்.

"அம்மா, இப்ப நான் போகட்டுமா?" பாப்பா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா வீட்ல இல்லடா" என்றேன்.