வாங்கன்னு ஒரு வார்த்தை

மதன்குமார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, தெருவுக்குப் போனான். மாமனாரின் அண்ணன் கிட்டுசாமி கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை வாங்கி நடுரோட்டிலேயே போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவருடைய மீசையைப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டான்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாந்தாமணிக்கு அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. சிங்காநல்லூரில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்திய அவள் கணவர் பாலுசாமி, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பெட்டிக்குள் படுத்திருந்தார். மூன்று மணிக்கு மின்மயானத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். இப்போது ஒன்றே முக்கால். கூடப்பிறந்தவர் முகம் பார்க்காமல் எடுக்க விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"வரமாட்டேங்கறாருங்க அத்தை," என்றான் திரும்பி வந்த மதன். "வாங்கன்னு கேக்காத ஊட்டுக்குள்ள கால் வெக்கமாட்டாராமா."

"எளவு ஊட்டுல ஆருங்க வாங்கன்னு கேப்பாங்க?" என்றார் பங்காளி வேலன்.

"அதையும் சொன்னனுங்க. அதுக்குத்தான் ரோட்டுல உக்காந்திருக்கேங்கறாரு."

ஏழு வருடத்துக்கு முந்தைய கதை இது. மகள் மோகனப்பிரியாவின் கல்யாணத்தில் பாலுசாமி மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வந்ததும் கைகூப்பினார், வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. கிட்டுசாமி அப்படியே திரும்பிப் போய்விட்டார். இந்தப் பக்கத்தில் வாய்க்கால் வரப்புச் சண்டைகூட இரண்டு பொங்கலில் ஆறிவிடும், வாங்கன்னு கேட்காதது ஆறாது.

அடுத்த வருடம் பாலுசாமிக்கு ஸ்பேனரின் பெயர் மறந்தது, அப்புறம் மகளின் பெயர். மூளையில் பேச்சுக்கான இடம் கொஞ்சங் கொஞ்சமாகச் சுருங்குகிறது என்றார் பீளமேட்டு டாக்டர். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். வீடு திரும்பும் வழியில்தான் சாந்தாமணிக்கு மண்டப வாசல் ஞாபகம் வந்தது, ஆட்டோவிலேயே அழுதாள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். "ஆயிரம் பேருக்கு வந்த வாயி எனக்கு மட்டும் வல்லீங்களா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு இங்கிருந்து போன யாரையும் அவர் பார்க்கவில்லை.

கடைசி ஒரு வருடம் பாலுசாமியிடம் மிஞ்சியது 'வாங்க' ஒன்றுதான். பால்காரருக்கும் பூனைக்கும் டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணுக்கும், ஊசியோடு வந்த நர்ஸுக்கும் அதே வார்த்தை. வாக்குவம் கிளீனர் விற்கிறவன் மூன்று தடவை வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனான். மாடியில் குடிவந்தவர்கள் இப்படி ஒரு மரியாதையான மனிதரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். கேட்க வேண்டியவர் மட்டும் வரவே இல்லை.

சாந்தாமணி மகளைக் கூப்பிட்டாள்.

"அப்பன் பாடம் படிச்ச வீடியோவப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டு கண்ணு."

"எளவு ஊட்டுல அந்த வார்த்த ஆகாதுங்க," என்றார் வேலன்.

"நாமதான் சொல்லக்கூடாது. செத்தவரு சொன்னா என்னங்க?"

வேலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழி விட்டார்.

மோகனப்பிரியா போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். கிட்டுசாமி அதைக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "சத்தம் வெய்யி அம்மணி," என்றார். சாந்தாமணிக்கு அந்த வீடியோ மனப்பாடம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், முதலில் எந்த வார்த்தை வேண்டும் என்று கேட்கிறாள். பாலுசாமி எழுந்துபோய் பழைய ஆல்பத்தை எடுத்து வருகிறார். பக்கம் பக்கமாகத் தேடி, அண்ணனுடைய மீசையின் மேல் விரலை வைக்கிறார்.

"வா… வா…"

"தண்ணி குடிச்சுட்டு சொல்லுங்க சார்."

"வா… வாங்… வாங்க."

அப்புறம் பதினொரு தடவை. வியர்த்து வழிந்தாலும் விரலை எடுக்கவில்லை.

தெருவில் வீடியோ முடிந்தது. கிட்டுசாமி செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்தார். "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்," என்று சொல்லிச் சொல்லி அழுதார். சாந்தாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டேகால். அதற்குப் பிறகுதான் அவளும் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். கிட்டுசாமி கடைசியாகக் கேட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பினார். எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. கைகூப்பினார், வாயைத் திறந்தார், ஒரு வார்த்தையும் வராமல் அப்படியே நின்றார். மண்டப வாசலில் தம்பி நின்ற அதே நிற்பு. சாந்தாமணி தலையை மட்டும் அசைத்தாள்.

ரோட்டில் இன்னும் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு, அவர் நடந்தார்.