பொங்கல் தொன்னையும் தேர் ஏறிய காலும்

பெரிய தேர் நிலைக்கு வந்து நின்று, கடைசிக் கட்டையும் சக்கரத்தின் கீழே செருகப்பட்ட பின்னர்தான் முருகையனுடைய கணுக்கால் முறிந்தது. இவ்வுண்மையை அறிந்தவர்கள் மூவர். ஒருவன் முருகையன், இன்னொருத்தி, அவனுக்குச் சோறு கொண்டு சென்றிருந்த அவன் மனைவி சந்திரம்மாள், மூன்றாவது, அவன் மிதித்து வழுக்கிய சர்க்கரைப் பொங்கல் தொன்னை. தொன்னைக்கு வாய் இல்லை. முருகையனுக்கு வாய் இருந்தும் திறக்க மனம் இல்லை.

கார்த்திகைத் திருவிழாவில் தேருக்குக் கட்டை போடுவது எளிய வேலையன்று. மலை நகர்வதுபோல் வரும் தேரை வீதி முனையில் திருப்ப வேண்டுமானால், உருளும் சக்கரத்தின் முன்னே ஆப்புக்கட்டையை வேண்டிய சாய்வில் வைத்துவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் விலக வேண்டும். தச்சுத் தொழில் செய்யும் முருகையன் அவ்வேலையில் பெயர் பெற்றவன். மாட வீதி நான்கிலும் அவனை ஒன்றும் செய்யாத தேர் நின்றுவிட்டது. யாரோ பாதி தின்று எறிந்த, நெய் வழியும் ஒரு கைப்பிடிப் பொங்கல் அவனைச் சாய்த்துவிட்டது.

கூட்டம் கூடியது. கட்டை போடுகிறவன் சக்கரத்தருகே விழுந்து கிடந்தால் கூட்டம் வேறென்ன நினைக்கும்? "தேரு ஏறிடுச்சுப்பா" என்றான் ஒருவன். அச்சொல் செங்கம் சாலை வரை போய்த் திரும்பி வந்தபோது, "தேரு ஏறியும் காலு துண்டாவல, அண்ணாமலையாரு காப்பாத்திட்டாரு" என்று வளர்ந்திருந்தது. வலியில் கண்ணை மூடியிருந்த முருகையன் அதைக் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தான். மறுக்காமல் மீண்டும் மூடிக்கொண்டான். சந்திரம்மாள் அதைப் பார்த்தாள். உடைந்தது எலும்பு, வீங்கியது தலை என்று அப்பொழுதே அவளுக்கு விளங்கிவிட்டது.

போளூர் சாலையில் சிறு மருத்துவமனை நடத்திவந்த டாக்டர் மல்லிநாதன் கணுக்காலைத் திறந்து, எலும்பைப் பொருத்தித் தகடும் திருகும் வைத்துத் தைத்தார். அவர் சமணர், பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடித்துவிடுகிறவர். உணவில் இருந்த கட்டுப்பாடு அவர் பேச்சிலும் இருந்தது.

"இந்த எடத்துல தோலு மெல்லிசும்மா. சதை கம்மி. கிருமி பூந்துட்டா நேரா எலும்பாண்டதான் போய் உக்காரும். அதனால தையல் போடறதுக்கு முன்னாடியே உள்ள ஆன்டிபயாடிக் பொடி தூவிட்டேன். அந்த வேலை அதோட முடிஞ்சிது. இனிமே நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்" என்றார்.

"இன்னாங்க சார் செய்யணும்?" என்று கேட்டாள் சந்திரம்மாள்.

"ஒண்ணும் செய்யாம இருக்கணும். கட்டைப் பிரிக்கக் கூடாது. தண்ணி படக் கூடாது. காலை ஒசரமா வெக்கணும். கட்டு மாத்தணும்னா இங்கதான் கொண்டாரணும்."

ஒன்றும் செய்யாமலிருத்தல்! இந்த ஊரில் அதைவிடக் கடினமான பத்தியம் வேறில்லை.

அறிவுரையைக் கேட்டவர்களுள் பலராமனும் ஒருவர். முருகையனுடைய அக்காள் கணவர். சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். படத்திலுள்ள தெய்வங்களுக்கே வெளியே வர வழியில்லாமல் சட்டம் அடித்துப் பழகியவராதலால், மற்றவர்கள் விவகாரத்திலும் அவரே சட்டம் அடிப்பார். டாக்டர் சொன்னவற்றுள் 'பொடி' என்ற ஒரு சொல்லே அவர் காதுக்குள் நுழைந்தது. 'கூடாது'கள் யாவும் வாசலிலேயே நின்றுவிட்டன.

முருகையனை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே மருந்துக்கடையிலிருந்து ஒரு புட்டி பொடியோடு வந்தார்.

"அதே பொடிதான், கடைக்காரன்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன். உள்ள ஒரு சிட்டிகை போட்டதுக்கே டாக்டரு அவ்ளோ பெருமை பேசினாரே, மேலயும் தெனம் போட்டா இன்னும் சீக்கிரம் ஆறாது?"

"டாக்டரு கட்டைப் பிரிக்காதன்னாரே, அண்ணே."

"தங்கச்சி, அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நாம பிரிச்சா அவங்களுக்குப் பொழப்பு ஏது? அதுவுமில்லாம அவரு சமண நயினாரு. எறும்பைக்கூட மிதிக்காத ஆளு. கிருமியைக் கொல்ற பொடியை மனசு வந்து நெறைய போட்டிருப்பாரா சொல்லு."

முருகையன் படுத்தபடியே சிரித்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"உங்க மாமா சொல்லித்தான் போன வருசம் பசுமாட்டுக்கு மண்ணெண்ணெய் தடவினீங்க. மாடு எங்க இப்போ?" என்றாள் சந்திரம்மாள். இருவரும் அதைக் கேளாதவர்போல் இருந்தனர்.

புட்டியின் சிறு துளை அடைத்துக்கொண்டது. பலராமன் சற்றும் கலங்காமல், தம் இடுப்பில் எப்போதும் வைத்திருக்கும் பித்தளை விபூதிச் சம்புடத்திலிருந்த திருநீற்றை நெற்றிக்கும் மார்புக்குமாகச் செலவழித்து, அதில் மருந்துப் பொடியைக் கொட்டிக்கொண்டார். விரலால் எடுக்க அதுவே வசதி என்றார். அடியில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துடைத்தாரா என்று சந்திரம்மாள் கேட்டதற்கு, திருநீற்றை எவனாவது துடைப்பானா என்று கேட்டார்.

பிறகு ஊர் வந்தது.

தேர் ஏறிய காலைப் பார்க்க ஊருக்கு ஆசை. காட்டப் பலராமனுக்கு ஆசை. காட்டப்பட முருகையனுக்கு ஆசை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, பூசை வேளையில் திரையை விலக்கும் குருக்களைப்போல் பலராமன் கட்டுத்துணியைச் சுருள் சுருளாகப் பிரிப்பார். பின்புறம் மாவுக்கட்டின் தொட்டிலில் கிடக்கும் கணுக்கால் தையலோடு வெளிப்படும். உடனே சம்புடத்தைத் திறந்து மூன்று விரலால் அள்ளித் தூவுவார். கூடியிருப்பவர்கள் சம்புடத்தைக் கண்டால் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு விரலை அதில் நுழைத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். எடுத்தது பிரசாதமென்றால் ஈடாக ஏதேனும் கொடுக்க வேண்டுமல்லவா? கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றில் ஒரு சிட்டிகையைச் சம்புடத்தில் போட்டார்கள். பக்கத்துத் தெரு ராணியம்மாள் வில்வம் கொணர்ந்து பாதத்தில் சார்த்தி, முறிந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குங்குமம் வைத்தவர்களும் உண்டு.

"தட்டு ஒண்ணு வெச்சுடட்டுமா? கற்பூரம் காட்டி அர்ச்சனையும் ஆரம்பிச்சுடலாம்" என்றாள் சந்திரம்மாள்.

"சும்மா இருமே. நாலு பேரு மதிச்சு வராங்க. இவ்ளோ நாளு எவனாவது இந்த வீட்டு வாசலை மிதிச்சிருப்பானா?" என்றான் முருகையன்.

"மதிக்கிறது தேரை. நீ விழுந்தது பொங்கல்ல."

"மெள்ளப் பேசுமே."

திருநீற்றோடு வாசலுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது அவ்வூரில் வழக்கமில்லை. நாத்தனார் கணவரின் கையைத் தட்டிவிடுவதும் வழக்கமில்லை. ஆகவே சந்திரம்மாளின் நாக்குத் தடுத்தது, கை தடுக்கவில்லை. நாக்கால் எந்தக் கிருமியும் சாவதில்லை.

ஒரு நாள் பிற்பகல் முருகையனுக்கு உடம்பு கொதித்தது. தையலைச் சுற்றிலும் செக்கச் சிவந்திருந்தது. தோல் பளபளவென்று உப்பியிருந்தது. பலராமன் போட்டிருந்த சாம்பிராணிப் புகையையும் மீறி ஒரு வாடை சந்திரம்மாளின் மூக்கைத் தொட்டது. இறந்த எலியின் வாடையைப் பெட்டிச் சந்தில் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு அது எங்கிருந்து வருகிறதென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜட்கா பிடித்துக் கணவனை ஏற்றினாள். வழியில் பலராமனும் ஏறிக்கொண்டார். சம்புடமும் கூடவே வந்தது.

மாலை வெயில் மங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மல்லிநாதன் உண்பதற்காகக் கை கழுவியிருந்தார். காலைக் கண்டவர் வீட்டுப்பக்கம் திரும்பி, "சாப்பாட்டை எடுத்து வெச்சுடுங்க. இன்னைக்கு எனக்கு உபவாசம்" என்று குரல் கொடுத்துவிட்டு விளக்கை அருகே இழுத்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். காய்ந்த வில்வத் துணுக்கு. குங்குமம். சாம்பல் கட்டி. சீழ்.

"இது காலா, கோயில் உண்டியலா?"

"நீங்க போட்ட அதே பொடிதான் சார் போட்டோம். கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டோம்" என்றார் பலராமன். சம்புடத்தையும் சாட்சிக்கு நீட்டினார். வீட்டில் அவர் பேசியதையும் செய்ததையும் சந்திரம்மாள் அப்படியே ஒப்பித்தாள்.

டாக்டர் அதைத் தொடாமலே பார்த்தார். "நான் போட்டது கிருமியில்லாத பொடி. கிருமியில்லாத கையால, காயத்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு தரம். நீங்க போட்டது ஊரு வெரலு. நயினாரு கிருமியைக் கொல்ல யோசிச்சிருப்பாருன்னு வீட்டுல சொன்னீங்களாமே. கொன்னுதான் அனுப்பினேன். நீங்கதான் ஒண்ணு விடாம திரும்ப உயிர் குடுத்திருக்கீங்க. ஜீவகாருண்யப் புண்ணியம் உங்களுக்கே சேரட்டும்."

பிறகு சந்திரம்மாள் பக்கம் திரும்பினார். கேலி போய்விட்டது.

"மேலோட இருந்தா கழுவினா போவும். தகடு வரைக்கும் போயிருந்தா கஷ்டம். எலும்புக்குப் போயிருந்தா வேலூருக்கு அனுப்பிடுவேன். பாதம் இருக்கணுமா போவணுமான்னு அங்க முடிவு பண்ணுவாங்க."

முருகையன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாதம் இல்லாத தச்சன் எதை மிதித்துக்கொண்டு மரத்தை இழைப்பான்? உருளும் சக்கரத்தினின்று எப்படி விலகுவான்? சந்திரம்மாளுக்குச் சொல் அகப்படாத வேளை அஃது ஒன்றே.

டாக்டர் தையலைப் பிரித்துக் கழுவினார். சீழ் தகட்டை எட்டவில்லை. எட்டுவதற்கு அதிக தூரமும் இல்லை. "இன்னொரு வெரலு இதுல பட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி, அவனை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பலராமன் வந்தார். தனியே வரவில்லை, ராணியம்மாளும் தெருவில் பாதியும் உடன் வந்தனர். மாலை ஒன்று இருந்தது. சம்புடம் புதிதாக நிரம்பியிருந்தது. வார்டுக் கதவின் குறுக்கே சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வழி விடும்மா. தேரு ஏறின காலை ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போயிடறோம்" என்றாள் ராணியம்மாள்.

கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. கணவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதைச் சந்திரம்மாள் உணர்ந்தாள். உணர்ந்தே சொன்னாள்.

"தேரு ஏறல."

"இன்னாது?"

"தேரு நெலைக்கு வந்து நின்னுட்ட அப்புறம், பொங்கல் தொன்னையை மிதிச்சு வழுக்கி விழுந்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். சர்க்கரைப் பொங்கலு. முந்திரிகூட இருந்தது."

மாலையை ஏந்தி நின்றவன் அதை மெல்லக் கீழே இறக்கினான்.

"அப்ப நான் இவ்ளோ நாளா கண்ணுல ஒத்திக்கினது வழுக்கி விழுந்த காலையா?" என்றாள் ராணியம்மாள்.

"ஆமா. மனசு கேக்கலன்னா அந்தத் தொன்னையைத் தேடி ஒத்திக்கோங்க."

பக்தி வந்த வேகத்தைவிடப் போன வேகம் பெரிது. ஒருவன் படியிலிறங்கும்போதே நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டான். தேர் ஏறியிருந்தால் அந்தக் காலுக்காக அழுதிருப்பார்கள். பொங்கலில் வழுக்கியதென்றால் அது அழுகினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பலராமன் மட்டும் நின்றார்.

"குடும்ப மானத்தை வாங்கிட்டியே, தங்கச்சி."

"மானம் உடைஞ்சா அதுக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டுக்கலாம், அண்ணே. பாதம் போச்சுன்னா உங்க கடையில சட்டம் போட்டு மாட்டிக்கறதா? சம்புடத்தை மூடுங்க. காத்துல பறக்குது."

அதற்குப் பின் ஒருவரும் வரவில்லை. டாக்டர் கட்டு மாற்றும்போதன்றி அந்தக் காலை யாரும் காணவில்லை. காணப்படாத புண் மளமளவென்று ஆறியது. முருகையன் மனைவியோடு பேசவில்லை. அவள் ஊட்டிய சோற்றை மட்டும் கோபமில்லாமல் தின்றான்.

அடுத்த கார்த்திகையில் அவன் கட்டை போட்டான். நடையில் சிறு சாய்வு இருந்தது, விலகுவதில் பிழையில்லை. ஆனால் ஊர் அவன் பெயரை மாற்றிவிட்டது. வீதி முனையில் தேர் திரும்பும்போது, "பொங்கலு, இடப்பக்கம் வையி" என்று வடம் பிடித்தவர்களெல்லாம் கூவினார்கள். சற்றுத் தொலைவில் பலராமன், தாம் போட்ட பொடியால்தான் மைத்துனன் கால் பிழைத்தது என்று ஒரு வெளியூர்க்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

தேர் நிலைக்கு வந்தது. கடைசிக் கட்டையைச் செருகிவிட்டு முருகையன் தரையை உற்றுப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தான். பிரசாதம் கொடுப்பவர் ஒரு தொன்னையை நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உன்னால எனக்குப் பேரு எப்படி ஆச்சு பாத்தியாமே" என்றான், அருகே நின்ற சந்திரம்மாளிடம்.

"பேருதானே. கீழ குனிஞ்சு பாரு, ரெண்டு பாதம் இருக்குதா?"

அவன் குனிந்து பார்த்தான். சந்திரம்மாள் அவன் பங்கையும் சேர்த்து இரண்டு தொன்னைகளாக வாங்கிக்கொண்டாள். தின்று முடித்தவள், அவற்றைத் தரையில் எறியாமல் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நெய்யி ஜாஸ்திதான்" என்றாள்.