ஷெட்டு ஃபோனுக்கு ஒரு ஃபில்டர்

சமயநல்லூரில் பாண்டியராஜன் ஓட்டும் ஆம்புலன்ஸின் இரண்டு பக்கமும் வீட்டு ஃபோன் நம்பர்தான் பெரிதாக எழுதியிருக்கும். ஒரு ஃபோன் வீட்டுக்குள். அதே லைனில் இன்னொன்று வண்டி நிற்கும் ஷெட்டில். அவன் மனைவி சரண்யாதேவிக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தபோது, அந்த லைனிலேயே இன்டர்நெட்டும் வாங்கினார்கள்.

கம்பெனி ஆள் முத்திருளன் வந்து மோடத்தை வைத்தார். வீட்டு ஃபோனுக்கு மட்டும் ஒரு சின்ன டப்பாவை மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஷெட்டு ஃபோனில் ஒரே இரைச்சல். அதில் மணி அடித்தால் இன்டர்நெட் அறுந்துபோனது. சரண்யா மூன்று முறை புகார் சொன்னாள். ஒருவரும் வரவில்லை, ‘குறை தீர்க்கப்பட்டது’ என்று செல்லுக்குச் செய்திதான் வந்தது. கடைசியில் முத்திருளனையே கூப்பிட்டாள்.

“ஷெட்டு ஃபோனக் கழட்டி வச்சிருங்கம்மா. சரியாயிரும்.”

“அது ஆம்புலன்ஸ் ஃபோனுண்ணே. அத எப்பிடிக் கழட்டுறது?”

“அப்ப நெட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, அடுத்த தெரு சோலை வாசலில் நின்று கத்தினான்.

“என்னத்துக்குண்ணே வண்டியில நம்பர எழுதி வச்சிருக்கீங்க? வீட்டுக்காரிக்கு வலி வந்துருச்சுன்னு மூணு தடவ அடிச்சேன். கரகரன்னு சத்தந்தேன் வருது. ஆட்டோல ஏத்திட்டுப் போனேன், பாதி வழியிலயே பிள்ள பொறந்துருச்சு!”

தாயும் பிள்ளையும் நலம்தான். மூன்று தடவையும் ஷெட்டில் ஃபோனை எடுத்தது பாண்டியராஜன்தான், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சரண்யா விறுவிறுவென்று உள்ளே போனாள். மோடத்தோடு வந்த புத்தகத்தை எடுத்து வரி விடாமல் படித்தாள். ஆறாம் பக்கத்தில் இருந்தது: அந்தச் சின்ன டப்பாவுக்குப் பெயர் ஃபில்டர், பேச்சும் இன்டர்நெட்டும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரிப்பது அதுதான், லைனில் எத்தனை ஃபோன் உண்டோ, அத்தனைக்கும் ஒவ்வொன்று மாட்ட வேண்டும்.

புத்தகத்தோடு பஸ் ஏறி மதுரையில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கண்ணுச்சாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வீட்டுக்காரர வரச் சொல்லும்மா. ஒனக்குச் சொன்னா வெளங்காது.”

“லைன் எம்பேர்ல இருக்கு சார். எனக்கு வெளங்கிருச்சு, ஒங்களுக்குத்தேன் வெளங்கல. இத வாசிங்க.”

“ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ஃபில்டர்தான் குடுப்போம்.”

“அத எங்க எழுதிருக்கு? காட்டுங்க. ஒரு பொம்பள நடுரோட்டுல பிள்ள பெத்திருக்கா சார். நீங்க மூணு தடவ தீந்துருச்சுன்னு எழுதிருக்கீங்க. என்னத்தத் தீத்தீங்க?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எங்க வீட்லயும் இதே இரைச்சல்தேன்” என்றார் பின்னாலிருந்த ஒருவர். கண்ணுச்சாமி மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே உறை பிரிக்காத ஃபில்டர்கள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் சரண்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றை வாங்கிக்கொண்டு, பின்னால் நின்றவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து அவளே மாட்டினாள். இரண்டு நிமிட வேலை. இரைச்சல் அடியோடு நின்றது. மணி அடித்தபோதும் இன்டர்நெட் அறுபடவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “உங்க குறைய எங்க ஊழியர் சரி பண்ணிட்டாரா மேடம்?”

“சரியாயிருச்சு. ஆனா பண்ணது நானு. அப்பிடியே எழுதுங்க.”

“அப்படிப் போட எங்க கம்ப்யூட்டர்ல இடம் இல்ல மேடம்.”

“அப்ப தீரலன்னு போடுங்க” என்று ஃபோனை வைத்தாள்.