ஐந்நூறு கிலோமீட்டர் வரை

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத் தொடங்கியது. மின்சார டிரக் விற்ற நிறுவனத்துக்குப் பொருள், பார்வை, எண்ணிட்ட பத்திகள் எல்லாம் போட்டு எழுதினேன். மூன்றாம் பத்தியில் தவறு யாருடையது என்று எழுத வேண்டி வந்தது. அங்கேயே கதையாக மாற்றிவிட்டேன். கதையில் யாரை வேண்டுமானாலும் கைகாட்டலாம். பதில் தபால் வராது.

2

முதல் தொடக்கம்: 'நாற்பது தேனீப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்த டிரக், விடியற்காலையில், பூனைபோல் ஓசையின்றி…'

(அடித்துவிட்டேன். இதையேதான் விற்பனையாளரும் பாடினார்.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா தேனீ வளர்க்கிறாள். வெளியூர்த் தோட்டம் ஒன்றின் மரங்கள் பூத்திருக்கும் பத்து நாளுக்குள் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். முந்நூற்றிருபது கிலோமீட்டர். வாசலடைத்த பெட்டிகள் ஓட்டத்தில் இருந்தால் காற்று படும். வெயிலில் நின்றால் உள்ளே வெந்துவிடும்.

இது இருக்கட்டும்.

3

அக்கா கணவரை, அதாவது மாமாவை, சிரிப்புப் பாத்திரமாக்க நினைத்தேன். டிரக் வாங்கிய நாள்முதல் டீசல் வண்டிக்காரர்களைத் துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்தவர் அவர். ஆனால் இருநூறாவது கிலோமீட்டரில் பேட்டரி பத்து சதவீதம் என்று காட்டியதும் முதலில் ஏசியை நிறுத்தினார், அப்புறம் பாட்டை, அப்புறம் பேச்சை. சிரிப்பு வரவில்லை.

சார்ஜ் நிலையம் கார்களுக்கு அளந்து கட்டியது. பெட்டிகள் ஏற்றிய டிரெய்லரோடு நுழைந்தால் நாலு பேர் வழியை அடைக்கும். ஆகவே டிரெய்லரைக் கழற்றிச் சாலையோரம் நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் உள்ளே விட்டோம். சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் பத்து நிமிடம். இயற்கையைக் காப்பாற்றும் வண்டிக்குள் மாமாவும் நானும்* உட்கார்ந்திருந்தோம். இயற்கை வெளியே வெந்துகொண்டிருந்தது.

*ஏசி இல்லாமல்தான். எங்களுக்கும் மனசாட்சி உண்டு.

அக்கா கோணியை நனைத்து நனைத்துப் பெட்டிகள்மேல் போட்டாள். நான் இறங்கிப் போனபோது ஒரு பெட்டியில் காதை வைத்திருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"ஐந்நூறு போகும்னு நீதானேடா எழுதிக் கொடுத்தே?"

4

(இந்தப் பகுதியை மூன்று முறை வெட்டினேன். கதை நொண்டியது.)

விளம்பரப் புத்தகத்தில் இருந்தது: 'ஐந்நூறு கிலோமீட்டர் வரை செல்லும்.' வாங்கலாமா என்று அக்கா யோசித்தபோது அதை அவளுக்கு ஒரு கடிதத்தில் தெளிவாகப் படியெடுத்துக் கொடுத்தவன் நான். தேவையில்லாத சொல்லை அடி என்பது எங்கள் பள்ளித் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தது. நான் அடித்த சொல் 'வரை'. பாரம் இழுத்தால் தூரம் பாதியாகலாம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. அதையும் சேர்த்திருந்தால் கடிதம் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும்.

"உன் நடை நல்லாத்தான் இருந்துச்சு, மாப்ளே," என்றார் மாமா. "அதை நம்பித்தான் வாங்கினோம்."

5

முடிவு அ: எல்லாம் பிழைத்தன; ஈரக் கோணி என் யோசனை.

முடிவு ஆ: எல்லாம் செத்தன, நிறுவனமே பொறுப்பு.

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். நான் எழுதும் எதையும் இப்போது அவள் பொடி எழுத்தைப் படிப்பதுபோல்தான் படிக்கிறாள்.

"கதையெல்லாம் வேணாம். எத்தனை பெட்டி பிழைச்சுதுன்னு எழுது," என்றாள்.

எழுதிவிட்டேன். இந்த முறை ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. எது அதிகப்படியோ, அதை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்:

அன்று மாலை, நாற்பது பெட்டிகள் வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன.